வீடியோ கேமராவின் மெமரி கார்டு: பழுதாகாமல் காப்பதும், பழுதான பின் படத்தை மீட்பதும்

பழுதான கார்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையைத் திறந்திருந்தால், படிக்கத் தொடங்கும் முன் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். கேமராவை அணைத்து, கார்டை வெளியே எடுத்து, அதன் இடது விளிம்பில் உள்ள சிறிய பூட்டை ‘லாக்’ என்று எழுதியிருக்கும் பக்கம் தள்ளி, தனியாக வைத்துவிடுங்கள். அந்தக் கார்டில் இன்னொரு காட்சியை எடுத்துப் பார்ப்பதோ, ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும் என்று நம்புவதோ இப்போதைக்கு வேண்டாம். திருமண வீடியோ எடுக்கும் தொழிலில் நான் பார்த்தவரை, கார்டு கெட்டதனால் தொலைந்த படங்களைவிட, கெட்ட பின் வரும் அரை மணி நேரத்தில் பதற்றத்தோடு செய்த காரியங்களால் தொலைந்த படங்களே அதிகம். கார்டைப் பத்திரப்படுத்திவிட்டால், நேராகக் கட்டுரையின் பிற்பகுதிக்குப் போகலாம். அவசரம் இல்லாதவர்கள் வரிசையாகவே வாருங்கள்.

எது பழுதாகிறது

மெமரி கார்டுக்குள் இரண்டு வகையான விவரங்கள் இருக்கின்றன. ஒன்று, படமும் ஒலியும் அடங்கிய தரவு. மற்றொன்று, எந்தக் கோப்பு கார்டின் எந்த இடத்தில் தொடங்கி எங்கெங்கே தொடர்கிறது என்று குறித்து வைத்திருக்கும் பட்டியல். நிலத்துக்கும் பட்டாவுக்கும் உள்ள உறவு இது. பட்டா கிழிந்துபோனால் நிலம் காணாமல் போவதில்லை. ஆனால் அது யாருடையது என்று காட்ட ஆவணம் இல்லாததால், அடுத்து வருபவர் அதில் வீடு கட்டிவிட முடியும். கார்டு பழுது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பட்டியல் சிதைவதுதான்.

4 ஜிபி முதல் 32 ஜிபி வரையுள்ள எஸ்டிஎச்சி கார்டுகள் ஃபேட்32 என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. அதில் பட்டியலுக்கு இரண்டு பிரதிகள் இருக்கும். அதைவிடப் பெரிய எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் பயன்படுத்தும் எக்ஸ்ஃபேட் முறையில் வழக்கமாக ஒரே பிரதிதான். கணினியின் ஹார்டு டிஸ்க்கில் என்டிஎஃப்எஸ் செய்வதைப்போல, செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இவ்விரண்டிலும் கிடையாது. ஆகவே பட்டியலை எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் நின்றால், பாதி எழுதிய பட்டியலே மிஞ்சும்.

பட்டியல் நன்றாக இருந்தும் கோப்பு மூடப்படாமல் நின்றுவிடுவது இரண்டாவது வகை. இன்றைய கேமராக்களில் பெரும்பாலானவை எம்பி4 அல்லது அதைப் போன்ற வடிவத்தில் பதிவு செய்கின்றன. பதிவு நடக்கும்போது படத் தரவு வரிசையாக எழுதப்பட்டுக்கொண்டே போகும். எந்த ஃபிரேம் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் உள் அட்டவணை, நீங்கள் ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் கடைசியாக எழுதப்படும். ‘மூவ்’ என்று இந்த அட்டவணைக்குப் பெயர். நாற்பது நிமிடம் எடுத்துவிட்டு நிறுத்துவதற்கு முன் பேட்டரி கழன்றுவிட்டால், கோப்பு பல ஜிபி அளவில் கண் முன்னே இருக்கும், ஆனால் எந்த ப்ளேயரிலும் ஓடாது. 2006இல் சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து அறிமுகப்படுத்திய ஏவிசிஎச்டி முறை இந்த விஷயத்தில் சற்றுப் பொறுமைசாலி. அதில் படம் சின்னஞ்சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு எழுதப்படுவதால், நடுவில் அறுந்தாலும் அறுந்த இடம் வரை பெரும்பாலும் ஓடிவிடும். பழைய ஹேண்டிகேம்களை ஏளனம் செய்பவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வகை, கார்டின் சில்லு அல்லது அதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரே கெட்டுப்போவது. நான்காவது வகை, கார்டு தொடக்கத்திலேயே போலியாக இருப்பது. 16 ஜிபி மட்டுமே கொள்ளும் கார்டு, கேமராவிடம் தன்னை 128 ஜிபி என்று சொல்லிக்கொள்ளும்படி மாற்றப்பட்டிருக்கும். அதில் முதலில் எடுத்த காட்சிகள் நன்றாகவே இருக்கும்; உண்மையான கொள்ளளவைத் தாண்டிய பிறகு எழுதப்பட்டவை எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது, அல்லது முதலில் எடுத்தவற்றின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். இந்த நான்கில் எது நேர்ந்திருக்கிறது என்று தெரியாமல் வைத்தியம் தொடங்கக் கூடாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கார்டின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் வேகம், அதாவது வினாடிக்கு 170 மெகாபைட், 200 மெகாபைட் என்று போட்டிருப்பது, பெரும்பாலும் படிக்கும் வேகம். வீடியோ எடுப்பவருக்குத் தேவை, இடைவிடாமல் எழுதும்போது எந்தக் கணத்திலும் குறையாத வேகம். அதைச் சொல்வது சிறிய குறியீடுகள்: சி என்ற எழுத்துக்குள் 10, யு என்ற எழுத்துக்குள் 1 அல்லது 3, வி30, வி60, வி90 ஆகியவை. யு3, வி30 இரண்டுமே வினாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்ற உறுதி. வி60 என்றால் 60, வி90 என்றால் 90. உங்கள் கேமரா வினாடிக்கு 100 மெகாபிட் என்ற அளவில் 4கே பதிவு செய்தால், எட்டு பிட் ஒரு பைட் என்பதால், எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட் வரும். அதற்கு வி30 தாராளம். 400 மெகாபிட் என்றால் 50 மெகாபைட், எனவே வி60க்குக் குறையக் கூடாது. வேகம் போதாத கார்டில் ரெக்கார்டிங் தானாக நின்றுவிடும். புதியவர்கள் பலர் இதையே கார்டு பழுது என்று எண்ணிக் குழம்புகிறார்கள். இது பழுது அல்ல, பொருத்தமின்மை.

மைக்ரோ எஸ்டி கார்டை அடாப்டருக்குள் செருகி வீடியோ கேமராவில் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் கார்டுக்கும் அடாப்டருக்கும் ஒரு தொடர்பு, அடாப்டருக்கும் கேமராவுக்கும் இன்னொரு தொடர்பு என்று தளர்ந்துபோகக்கூடிய இடங்கள் இரட்டிப்பாகின்றன. ட்ரோனுக்கும் ஆக்‌ஷன் கேமராவுக்கும் மைக்ரோ எஸ்டி வைத்துக்கொள்ளுங்கள். முதன்மைக் கேமராவுக்கு முழு அளவு கார்டே போடுங்கள்.

புதிய கார்டு எந்தக் கடையில் வாங்கியதாக இருந்தாலும், வேலைக்குக் கொண்டுபோகும் முன் அதன் முழுக் கொள்ளளவையும் சோதித்துவிட வேண்டும். விண்டோஸ் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 ஆகிய இலவச மென்பொருள்கள் இதற்கென்றே இருக்கின்றன. இவை கார்டு நிரம்பும் வரை சோதனைத் தரவை எழுதி, பிறகு எழுதியதை எல்லாம் திரும்பப் படித்து ஒப்பிடும். பெரிய கார்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அந்த நேரத்தைக் கொடுத்துவிட்டால், போலிக் கார்டும் பிறவியிலேயே கோளாறுள்ள கார்டும் மண்டபத்துக்கு வருவதற்கு முன்பே வீட்டில் பிடிபட்டுவிடும்.

சோதனை முடிந்ததும் கார்டைக் கேமராவில் போட்டு, கேமராவின் மெனுவிலிருந்தே ஃபார்மேட் செய்யுங்கள். கணினியில் செய்தால் என்ன என்று கேட்பார்கள். தனக்கு வேண்டிய ஃபோல்டர் அமைப்பையும் தரவுத்தளக் கோப்பையும் கேமரா தானே உருவாக்கிக்கொள்ளும். கணினிக்கு அதெல்லாம் தெரியாது. பல கேமராக்கள் வைத்திருப்பவர்கள், ஒரு கேமராவில் ஃபார்மேட் செய்த கார்டை இன்னொரு நிறுவனத்தின் கேமராவில் அப்படியே போடாமல், போடும் கேமராவிலேயே மறுபடி ஃபார்மேட் செய்துகொள்வது நல்லது.

படப்பிடிப்பு நாளில்

முதல் காட்சியாகப் பத்து வினாடி எதையாவது எடுத்து, நிறுத்தி, கேமராவிலேயே ஓட்டிப் பாருங்கள். கார்டு எழுதுகிறது, படிக்கிறது, ஒலி பதிகிறது என்ற மூன்றும் உறுதியாகும். அந்தச் சிறு க்ளிப்பை அழித்துவிட வேண்டாம். அதற்கு இன்னொரு பயனும் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

மின்சாரம்தான் கார்டின் முதல் எதிரி. கல்யாண மண்டபங்களில் கேமராவை அடாப்டர் வழியாக ப்ளக்கில் செருகிவிட்டு, பேட்டரியைக் கழற்றி வைத்துவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும் சில வினாடி இடைவெளி விருந்தினருக்குத் தெரிவதுகூட இல்லை. கேமராவுக்கோ அது ரெக்கார்டிங்கின் நடுவில் நேர்ந்த மரணம். அடாப்டர் செருகியிருந்தாலும், கேமராவின் அமைப்பு அனுமதித்தால், சார்ஜ் ஏறிய பேட்டரியும் உள்ளே இருக்கட்டும். பேட்டரி இருக்கும் இடத்திலேயே போலிப் பேட்டரியைச் செருகி மின்சாரம் கொடுக்கும் கேமராக்களில் இது முடியாது. அவற்றுக்கு நேரடி ப்ளக்கைவிடப் பெரிய வெளிப்புறப் பேட்டரியோ சிறிய யுபிஎஸ்ஸோ பொருத்தம். பேட்டரியில் ஓட்டுபவர்கள், அளவு காட்டும் குறி சிவப்பாகும் வரை காத்திராமல், ஒரு சடங்கு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியிலேயே மாற்றிவிட வேண்டும்.

நிறுத்தும் பொத்தானை அழுத்தியதும் ரெக்கார்டிங் முடிந்துவிட்டது என்று நினைப்பது அடுத்த தவறு. கேமராவின் தற்காலிக நினைவகத்தில் மிச்சமிருக்கும் தரவும், மேலே சொன்ன அட்டவணையும் எழுதி முடியச் சில வினாடிகள் ஆகும். அதுவரை கார்டு மூடிக்கு அருகிலோ திரையிலோ ஒரு விளக்கு எரியும் அல்லது மினுங்கும். அது அணையும் முன் மூடியைத் திறக்கவும், பேட்டரியை எடுக்கவும், கேமராவை அணைக்கவும் கூடாது. உதவியாளராகப் புதிதாகச் சேரும் தம்பிகளுக்கு நான் முதல் நாளில் காட்டிக்கொடுப்பது லென்ஸை அல்ல, இந்த விளக்கை.

நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று இயல்பாகவே நிகழ்ச்சி பிரிந்திருக்கிறது. இடைவெளி வரும்போதெல்லாம் ரெக்கார்டிங்கை நிறுத்தித் தொடங்குங்கள். இரண்டு மணி நேரத்தை ஒரே க்ளிப்பாக ஓட விட்டால், கடைசி நிமிடத்தில் நேரும் கோளாறு முழுவதையும் ஆபத்தில் தள்ளும். ஃபேட்32 கார்டுகளில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாததால் கேமராவே துண்டு போட்டுக்கொள்ளும். வினாடிக்கு 100 மெகாபிட்டில் அது ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். எக்ஸ்ஃபேட் கார்டில் அந்த எல்லை இல்லாததால், எல்லா கேமராக்களும் துண்டு போடும் என்று நம்பியிருக்க முடியாது.

இடம் போதவில்லை என்று, மண்டபத்தில் நின்றுகொண்டு வேண்டாத க்ளிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி அழிப்பதை அறவே விட்டுவிடுங்கள். அவசரத்தில் வேண்டிய க்ளிப் அழிந்துபோவது ஒரு பக்கம். அதைவிட நுட்பமான கேடு, அழித்த இடங்கள் கார்டு முழுவதும் சிறு சிறு பொந்துகளாகச் சிதறிக் கிடக்க, அடுத்து எடுக்கும் பெரிய கோப்பு அந்தப் பொந்துகளில் துண்டு துண்டாகப் போய் உட்காரும் என்பது. பட்டியல் நன்றாக இருக்கும் வரை இதனால் தெரியும்படியான தொந்தரவு இல்லை. பட்டியல் சிதைந்த நாளில், வரிசையாகக் கிடக்கும் கோப்பை மீட்பு மென்பொருள் எளிதில் எடுத்துவிடும். சிதறிக் கிடப்பதை எடுக்கத் திணறும். ஆகவே அழிப்பதற்குப் பதில் இன்னொரு கார்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கார்டை விளிம்பு வரை நிரப்பாமல், சில நிமிடம் மிச்சம் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

கேமராவில் இரண்டு கார்டுத் துளைகள் இருந்தால், ஒன்று நிறைந்ததும் அடுத்ததற்குத் தாவும் முறை, இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும் முறை என்று இரண்டு தேர்வுகள் பெரும்பாலும் இருக்கும். மறுபடி எடுக்க முடியாத எதையும் இரண்டாவது முறையில்தான் எடுக்க வேண்டும். தாலி கட்டும் நொடியை ‘இன்னொரு முறை கட்டுங்கள்’ என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. ஒன்றை நினைவில் வையுங்கள்: ரெக்கார்டிங்கின் நடுவே மின்சாரம் நின்றால் இரண்டு கார்டிலும் கோப்பு மூடப்படாமலே நிற்கும். கார்டு கெடுவதிலிருந்து இரட்டைப் பதிவு காக்கும். பேட்டரி கழல்வதிலிருந்து காக்காது.

எடுத்து முடித்த கார்டைக் கழற்றியதும் பூட்டை ‘லாக்’ பக்கம் தள்ளி, பெட்டியில் தலைகீழாக வைப்பது என் வழக்கம். எந்த அடையாளமாக இருந்தாலும் சரி, குழுவில் எல்லோரும் ஒரே அடையாளத்தைப் பின்பற்ற வேண்டும். நிறைந்த கார்டை வெற்றுக் கார்டு என்று எண்ணி ஃபார்மேட் செய்வதும் தொலைப்புதான். மென்பொருளைப் பழி சொல்ல முடியாத தொலைப்பு.

கணினிக்கு மாற்றும்போது

கேமராவைக் கேபிளால் இணைத்து மாற்றுவதைவிடத் தரமான கார்டு ரீடர் பாதுகாப்பானது; மாற்றும் நடுவில் கேமராவின் பேட்டரி தீர்ந்துபோகும் ஆபத்து இல்லை. மேசைக் கணினியில் மாற்றுபவர்களுக்கு யுபிஎஸ் கட்டாயம். கார்டைப் பூட்டிய நிலையிலேயே ரீடரில் செருகுங்கள். பூட்டாமல் செருகினால் விண்டோஸும் மேக்கும் தங்களுக்கு வேண்டிய மறைவான ஃபோல்டர்களைக் கேட்காமலே கார்டில் எழுதிவிடும். கார்டைக் கைபேசியிலோ டிவியிலோ போட்டு மாப்பிள்ளை வீட்டாருக்கு உடனே காட்டுவதும் இதே காரணத்தால் தவிர்க்க வேண்டிய மரியாதை.

க்ளிப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காமல், கார்டில் இருப்பதை மேல் ஃபோல்டரிலிருந்து அப்படியே முழுவதுமாக காப்பி செய்யுங்கள். ஏவிசிஎச்டியில் ஒரு நீண்ட காட்சி பல கோப்புகளாகப் பிரிந்து கிடக்கும். அவற்றைத் தடங்கலின்றி இணைக்கும் விவரம் வேறு ஃபோல்டரில் இருக்கும். எம்பி4 எழுதும் தொழில்முறைக் கேமராக்கள் பலவற்றிலும் க்ளிப்புக்குத் துணையான சிறு கோப்புகள் உண்டு. கார்டில் இருக்கும்போது எந்தக் கோப்பின் பெயரையும் மாற்றக் கூடாது.

காப்பி முடிந்தது என்று கணினி சொல்வதை அப்படியே நம்பாமல், கார்டிலும் டிஸ்க்கிலும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த பைட் அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். டெராகாப்பி போன்ற மென்பொருளில் சரிபார்க்கும் வசதியை இயக்கினால், ஒவ்வொரு கோப்பையும் அதுவே திரும்பப் படித்து ஒப்பிட்டுவிடும். பிறகு இன்னொரு டிஸ்க்குக்கு இரண்டாவது பிரதி. இரண்டும் முடிந்து, சில க்ளிப்புகளை நடுநடுவே ஓட்டிப் பார்த்த பின்னரே அந்தக் கார்டு ஃபார்மேட்டுக்குத் தகுதி பெறுகிறது. அதையும் உடனே செய்ய வேண்டியதில்லை. அடுத்த வேலைக்குக் கிளம்பும் நாளில் கேமராவில் செய்தால் போதும். அதுவரை கார்டே மூன்றாவது பிரதியாக இருக்கும். ஆனால் கார்டை நிரந்தரச் சேமிப்பாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஃபிளாஷ் சில்லில் உள்ள மின்னூட்டம் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் மெல்லக் கசியும்.

பழுதான பின்

முதலில் தொடர்பைச் சந்தேகியுங்கள். கேமரா கார்டை அடையாளம் காணவில்லை என்றால், கார்டின் பின்புறத் தகடுகளில் எண்ணெயோ தூசியோ படிந்திருக்கலாம். இழை உதிராத துணியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் சிறிது தொட்டு மெதுவாகத் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். துளைக்குள் வாயால் ஊதுவது எச்சில் ஈரத்தை உள்ளே அனுப்பும். ஊசியோ பின்னோ விடுவது தொடர்புக் கம்பிகளை வளைக்கும். பிறகு வேறு ஒரு ரீடரிலும், முடிந்தால் வேறு ஒரு கணினியிலும் பாருங்கள். பூட்டப்பட்டிருக்கிறது என்ற செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தால், பூட்டின் பிளாஸ்டிக் துண்டு தளர்ந்திருக்கும் அல்லது உடைந்திருக்கும். அது கார்டின் மின்சுற்றோடு இணைந்தது அல்ல. அதன் இருப்பிடத்தைத் துளையில் உள்ள ஒரு சிறு சுவிட்ச் தொட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

கணினி கார்டைக் கண்டுகொண்டு, ‘பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்றோ, ‘பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா’ என்றோ கேட்டால், இரண்டுக்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். விண்டோஸின் செக்டிஸ்க் கருவியைப் பலர் முதல் மருந்தாகச் சொல்வார்கள். அந்தக் கருவியின் நோக்கம் பட்டியலைக் குறையில்லாமல் ஆக்குவது. உங்கள் படத்தைக் காப்பது அல்ல. எதனோடும் பொருந்தாத துண்டுகளை அது கோப்புகளிலிருந்து வெட்டி, ‘ஃபவுண்டு’ என்று தொடங்கும் ஃபோல்டரில் சிஎச்கே என்ற விகுதியோடு கொட்டிவிடும். ஏற்கெனவே யாரோ ஓட்டிவிட்டிருந்தால், அந்தத் துண்டுகளில் பெரியவற்றைக் கணினிக்குக் காப்பி செய்து, விகுதியை எம்பி4 என்றோ, ஏவிசிஎச்டி கேமராவானால் எம்டிஎஸ் என்றோ மாற்றி ஓட்டிப் பாருங்கள். சில நேரங்களில் முழுக் க்ளிப்பே கிடைத்துவிடும்.

சரியான முதல் மருந்து, கார்டின் முழு நகலை எடுப்பது. கோப்புகளை காப்பி செய்வதல்ல இது. கார்டின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை, வெற்றிடம் உட்பட, ஒரே பெரிய கோப்பாக எடுப்பது. இதை டிஸ்க் இமேஜ் என்பார்கள். 64 ஜிபி கார்டுக்குக் கணினியில் 64 ஜிபி காலியிடம் வேண்டும். கார்டைப் பூட்டிய நிலையில் செருகி, விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர் போன்ற இலவச மென்பொருளில் ‘ரீட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே ‘ரைட்’ இருக்கும், கை தவறினால் கதை முடிந்தது. பூட்டு இருப்பது அதற்கும் ஒரு காவல். இடையில் படிப்புப் பிழை வந்து நின்றுவிட்டால், லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ சிறந்தது. அது நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம் பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை எடுத்தோம் என்பதைக் குறிப்புக் கோப்பில் எழுதிக்கொள்வதால், நடுவில் நிறுத்தி மறுநாள் தொடரவும் முடியும். இனிச் சொல்லும் மென்பொருள் வேலைகள் எல்லாம் இந்த நகலின் மேல்தான், கார்டின் மேல் அல்ல. நகலில் தவறு செய்தால் இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளலாம்.

நகல் கையில் இருக்கும்போது, கார்டின் மீது நீங்கள் செய்யக்கூடிய ஒரே முயற்சி கேமராவின் சொந்தப் பழுதுநீக்கம். குறிப்பாக, பேட்டரி கழன்றோ கரண்ட் போயோ ரெக்கார்டிங் அறுந்திருந்தால் இதுவே பெரும்பாலும் பலன் தரும். முழு சார்ஜ் ஏறிய பேட்டரியைப் போட்டு, பூட்டை விடுவித்த கார்டை அதே கேமராவில் செருகி இயக்குங்கள். கோப்பைச் சரிசெய்யவா, தரவுத்தளத்தை மீட்கவா என்று கேட்டால் சம்மதியுங்கள். ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் மட்டும் மறுத்து அணைத்துவிடுங்கள். எந்த இடத்தில் எதை எழுதியது என்பது அந்தக் கோப்பை எழுதிய கேமராவுக்கே நன்றாகத் தெரியும் என்பதால், வெளி மென்பொருள்கள் கைவிட்ட கோப்பையும் அது மூடித் தருவதுண்டு. சில சோனி கேமராக்களில் இப்படி அறுந்த கோப்பு ஆர்எஸ்வி என்ற விகுதியோடு கார்டில் காத்திருக்கும். அதைக் குப்பை என்று எண்ணி அழித்துவிட வேண்டாம்.

கேமரா கைவிட்டால் நகலுக்குப் போகலாம். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இரண்டு இலவச மென்பொருள்கள் ஒரே பொட்டலத்தில் வருகின்றன. பார்ப்பதற்குப் பழங்கால டாஸ் திரை போலிருக்கும். பயப்பட வேண்டாம், அம்புக்குறிப் பொத்தான்களும் என்டரும் போதும். கார்டின் தொடக்கப் பகுதியும் பட்டியலும் சிதைந்திருந்தால் முதலில் டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டுங்கள். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலுமே தொடக்கப் பகுதிக்கு ஒரு மாற்றுப் பிரதி கார்டிலேயே இருக்கிறது. அதைக் கொண்டு டெஸ்ட்டிஸ்க் ஃபோல்டர்களையும் பெயர்களையும் அப்படியே காட்டிவிட்டால், வேறொரு டிஸ்க்குக்கு காப்பி செய்து வேலையை முடிக்கலாம்.

அது காட்டாவிட்டால் ஃபோட்டோரெக். பட்டியலைப் பார்க்காமல், ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தொடக்கத்தில் இருக்கும் அடையாளத்தைத் தேடிக்கொண்டு அது கார்டு முழுவதும் நடக்கும். ஓட்டும் முன் கோப்பு வகைகளில் உங்களுக்கு வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் குப்பை குவியும். மீட்ட கோப்புகளுக்குப் பழைய பெயர் இருக்காது; அளவையும் உள்ளே இருப்பதையும் பார்த்து நீங்கள்தான் வரிசைப்படுத்த வேண்டும். கார்டில் க்ளிப்புகளை நடுநடுவே அழித்திருந்தால், இங்கேதான் அதற்கான தண்டனை: பாதியில் வேறொரு காட்சி புகுந்த கோப்புகளும், ஓடாத கோப்புகளும் வரும். முதன்மை வீடியோவோடு, எடிட்டிங்குக்கு உதவும் ப்ராக்ஸி என்ற சிறிய அளவுப் பிரதியையும் ஒரே கார்டில் எழுதும் கேமராக்களிலும் இதே சிக்கல் உண்டு. இரண்டு கோப்புகளும் மாறி மாறி எழுதப்பட்டுப் பின்னிக் கிடக்கும். அதைப் பிரிக்க ஃபோட்டோரெக்கால் இயலாது. அந்தக் கேமராவின் எழுதும் முறையை அறிந்த கட்டண மென்பொருளோ தரவு மீட்பு நிலையமோதான் வழி.

கோப்பு கிடைத்து, அளவும் சரியாக இருந்து, ஓட மட்டும் மறுத்தால், அதற்கு அந்த ‘மூவ்’ அட்டவணை இல்லை என்று கொள்ளலாம். அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி இதற்கென்றே உருவானது. அதற்கு இரண்டு கோப்புகள் வேண்டும்: ஒன்று ஓடாத கோப்பு, மற்றொன்று அதே கேமராவில் அதே அமைப்புகளில் எடுத்த, நன்றாக ஓடும் கோப்பு. நல்ல கோப்பின் அமைப்பைப் பார்த்து, கெட்ட கோப்புக்குப் புதிதாக ஓர் அட்டவணையைக் கட்டித் தரும். காலையில் எடுத்த பத்து வினாடிக் க்ளிப்பை அழிக்க வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். படத்தின் ரெசல்யூஷன், ஃபிரேம் வேகம், வீடியோவைச் சுருக்கும் முறையான கோடெக் ஆகிய மூன்றில் எது மாறினாலும் மாதிரிக் கோப்பு பயன்படாது. இரவு வரவேற்புக்கு அமைப்புகளை மாற்றினால், அதற்கும் தனியாகப் பத்து வினாடி எடுத்துவிடுங்கள்.

இரண்டு ரீடரிலும் கேமராவிலும் கார்டு அறவே தெரியவில்லை என்றாலோ, தெரிந்தும் கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டினாலோ, கன்ட்ரோலர் போய்விட்டிருக்கும். அங்கே எந்த மென்பொருளும் உதவாது. தரவு மீட்பு நிலையத்தில், சில்லோடு நேரடியாகக் கம்பி இணைத்துத் தரவை எடுத்து, கன்ட்ரோலர் அதைக் கலைத்து வைத்திருக்கும் வரிசையைக் கணக்கிட்டுச் சீராக்க முயல்வார்கள். செலவு அதிகம், வெற்றிக்கு உறுதி இல்லை. கொடுக்கும்போது கேமராவின் மாடல், ரெக்கார்டிங் அமைப்புகள், கார்டுக்கு இதுவரை நீங்கள் செய்த வைத்தியம் அனைத்தையும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். கூடவே அந்த மாதிரிக் க்ளிப்பையும் கொடுங்கள்.

படம் மீண்டு இரண்டு பிரதிகளான பிறகு கார்டின் கதி என்ன என்ற கேள்வி மிஞ்சும். பேட்டரி கழன்றதுதான் காரணம் என்று தெளிவாகத் தெரிந்தால் கார்டின் மேல் குற்றமில்லை. எஸ்டி கார்டுகளின் தரத்தை வகுக்கும் எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் ஃபார்மேட்டர் மென்பொருளில் முழுவதும் மேலெழுதும் முறையைத் தேர்ந்தெடுத்து ஃபார்மேட் செய்து, புதிய கார்டுக்குச் செய்த அதே கொள்ளளவுச் சோதனையை ஓட்டி, பிழையே இல்லாமல் தேறினால் கேமராவில் ஃபார்மேட் செய்து மீண்டும் பயன்படுத்தலாம். நகல் எடுக்கும்போது ஓரிடத்திலாவது படிப்புப் பிழை வந்திருந்தாலோ, காரணமே தெரியாமல் பழுதாகியிருந்தாலோ, சோதனையில் தேறினாலும் அதை நான் மறுபடி வேலைக்கு எடுத்துச் செல்வதில்லை. அதன் மேல் மார்க்கரால் பெருக்கல் குறி போட்டு, கேமராப் பையிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்; பையிலேயே கிடந்தால், கார்டு தீர்ந்துபோன ஏதோ ஒரு மாலையில் யாராவது அதை எடுத்துச் செருகிவிடுவார்கள்.